பந்தை வைத்துவிட்டுப் போனவர்கள்

பாலைத்திணையை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் ஓரிடத்தில் நின்றுவிடுவேன். மகள் தான் விரும்பியவனோடு உடன்போக்கில் போய்விட்டாள். அவள் ஆடிய பந்து வீட்டில் கிடக்கிறது. பக்கத்தில் பாவையும் கழங்கும். அவற்றைப் பார்த்து நற்றாய் அழுகிறாள், செவிலி அழுகிறாள். சங்க அகப்பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் காட்சி இது. ஒரு பெண்ணின் சிறுபருவம் முடிந்துவிட்டது என்பதற்குப் புலவர்கள் கண்ட சாட்சி, ஆட ஆளில்லாமல் கிடக்கும் பந்து.

பந்தாடும் பெண் தமிழுக்குப் புதியவள் அல்லள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி இருக்கிறது. திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கிறாள். ஆனால் அவள் ஆடும்போது கவிராயரின் கண் பந்தைத் தொடர்வதில்லை. வளையையும் கூந்தலையும் இடையையும் தொடர்கிறது. அவள் எப்படி ஆடினாள், யாரை வென்றாள் என்ற கணக்கு அங்கே இல்லை. ஆட்டக்காரியைப் பார்க்காமல் பெண்ணை மட்டும் பார்க்கும் இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை எனக்குக் காட்டியவள் ஒரு மாணவி.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி ரயில் பாதையை ஒட்டிய ஊர் ஒன்றிலிருந்து வந்தவள். கால்பந்தில் முன்களத்தில் ஆடுவாள். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஒரு நாள் துறைக்கு வந்து தன் பூட்ஸை என் மேசைமீது வைத்தாள். "ஜூனியர்ஸ் யாருக்காவது குடுத்துடுங்க மேம். வாரா வாரம் ஷிஃப்ட் மாறுது. கம்பெனி பஸ்ஸ விட்டு எறங்கினா தூக்கந்தான் வருது" என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். சம்பளம் அவள் வீட்டுக்குத் தேவை. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அவளுக்குப் பிறகு பூட்ஸ் மட்டும் என் அலமாரியில் தங்கிவிட்டது. உடன்போக்கு இல்லை, தலைவன் இல்லை. ஆனாலும் அது பாலைத்திணைதான்.

ஆலை வேலை கிடைத்தது, ஆட்டம் நின்றது. எல்லா ஊரிலும் இது இப்படித்தானா என்று தேடப் போய்த்தான் பெண்கள் கால்பந்தின் வரலாற்றுக்குள் நுழைந்தேன். அங்கே இதற்கு நேர்மாறான ஒரு கதை இருந்தது. ஆலையில் சேர்ந்ததால் ஆடத் தொடங்கிய பெண்களின் கதை.

இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் டிக், கெர் என்ற தொழிற்சாலை. டிராம், ரயில் சாதனங்கள் செய்துகொண்டிருந்தது. முதல் உலகப்போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, அங்கே வெடிகுண்டு செய்யும் வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். இடைவேளைகளில் பந்து உதைத்தவர்கள் அணியாகத் திரண்டு, 1917 கிறிஸ்துமஸ் அன்று பிரெஸ்டனின் டீப்டேல் திடலில் இன்னொரு ஆலையின் பெண்களை 4-0 என்று வென்றார்கள். பார்க்க வந்தவர்கள் சுமார் 10,000 பேர். வசூல் காயம்பட்ட படைவீரர்களுக்குப் போனது. 1905இல் பிறந்த லில்லி பார் 1920இல் இந்த அணிக்கு வந்தபோது அவருக்கு வயது 15ஆகவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் திடலில் இவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். உள்ளே நுழைய முடியாமல் திரும்பியவர்கள் பல ஆயிரம்.

பெண்களால் முடியுமா என்ற கேள்விக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்? ஆனால் அடுத்த ஆண்டே, 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்குச் சற்றும் பொருந்தாது என்று அறிவித்தது. தன் உறுப்பினர் கிளப்புகள் பெண்களுக்குத் திடல் தரக்கூடாது என்று தடை போட்டது. பெண்ணுடலுக்கு ஆகாது என்று சொல்ல மருத்துவர்களும் கிடைத்தார்கள். குண்டு செய்யப் பொருந்திய உடல், பந்து உதைக்கப் பொருந்தாமல் போயிற்று.

1922இல் அந்த அணி கப்பலேறியது. கனடாவில் ஆட விடவில்லை. அமெரிக்காவில் எதிரே நின்றவை ஆண்கள் அணிகள். ஒன்பது ஆட்டங்களில் மூன்றை வென்று, மூன்றைச் சமன் செய்து, மூன்றில் தோற்றார்கள். உள்ளூரில் திடல் மறுக்கப்பட்டவர்கள் வெளிநாட்டில் ஆண்களோடு சரிக்குச் சரியாக நின்று ஊர் திரும்பினார்கள். தடை நீங்கியதா? இல்லை. அது விலக 1971 ஆகிவிட்டது. பின்னாளில் மனநல மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்த்த லில்லி பார் 1978இல் இறந்தார். தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவர். அதுவும் 2002இல்தான்.

இந்தக் கதையைப் படித்தபோது எனக்குள் ஒன்று உடைந்தது. 'சந்தேகப்பட்டவர்களின் வாயை அடைத்த வீராங்கனை' என்று செய்தித்தாள்கள் எழுதும்போதெல்லாம் மகிழ்ந்தவள் நான். வாய் அடைபடுவதே இல்லை. அது வேறு கேள்வி கேட்கிறது, அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1975இல் இந்தியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. அதே ஆண்டு லக்னோவில் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய அணி இரண்டாமிடம். 1983இல் பாங்காக்கிலும் இரண்டாமிடம். அந்த ஆண்டு சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார்; கால்பந்துக்காக அதைப் பெற்ற முதல் பெண் அவர். ஆசியாவிலேயே இரண்டாமிடம் என்பது சாதாரணமா? ஆண்கள் அதைச் செய்திருந்தால் பாடப்புத்தகத்தில் வந்திருக்கும். இந்தப் பெண்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கோ ஆடப் போட்டிகளே போதவில்லை. 2009இல், நீண்ட காலம் பன்னாட்டு ஆட்டமே ஆடவில்லை என்பதால், உலகத் தரவரிசையிலிருந்தே இந்தியப் பெண்கள் அணியின் பெயர் நீக்கப்பட்டது. அவர்கள் தோற்று வெளியேறவில்லை. ஆட்டமே தரப்படாமல் வெளியேறினார்கள்.

இந்தப் பின்னணியில் பாலா தேவியைப் பாருங்கள். மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்டத்தில் 1990இல் பிறந்தவர். பையன்களோடு ஆடி வளர்ந்தவர். இந்திய அணிக்கு ஸ்ட்ரைக்கராகவும் தலைவியாகவும் ஆடியவர். 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் அவரோடு 18 மாத ஒப்பந்தம் போட்டு 10ஆம் எண் சட்டையைத் தந்தது. வெளிநாட்டுக் கிளப் ஒன்றில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். அந்த டிசம்பரில் மதர்வெல் அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கித் தன் முதல் கோலை அடித்தார். ஐரோப்பாவில் அவர் எப்படி ஈடுகொடுப்பார் என்று ஐயப்பட்டவர்களுக்கு அது பதில்தான்.

ஆனால் எனக்கு அவருடைய வயது முக்கியமாகப் படுகிறது. ஒப்பந்தம் கிடைத்தபோது அவர் 30ஐத் தொட்டுக்கொண்டிருந்தார். ஆண்கள் கால்பந்தில் 16 வயதுப் பையனைத் தேடி ஆள் அனுப்புவார்கள். இவர் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் எப்படித் தாக்குப்பிடித்தார்? மணிப்பூர் காவல்துறையில் வேலை இருந்தது. அந்த வேலையோடு ஓர் அணியும் இருந்தது. நம்மூரிலும் அப்படித்தான். கடலூரிலிருந்து வந்து இந்திய அணியில் நடுக்களம் ஆடிய இந்துமதி கதிரேசன் தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கின்போது பந்தை விட்டுவிட்டுச் சென்னைச் சாலையில் பணிக்கு நின்றவர். இவர்களுடைய உறுதியைப் பேசும் நாம், அந்த உறுதிக்குச் சோறுபோட்ட சம்பளத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

அடுத்த தலைமுறையில் மனிஷா கல்யாண். பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பெண். 2021 நவம்பரில் பிரேசிலுக்கு எதிராக, பிரேசிலிலேயே கோல் அடித்தார். இந்தியா 1-6 என்று தோற்ற ஆட்டம் அது. அந்த ஒற்றைக் கோல் அவருடையது. இரண்டு நாள் கழித்து அவருக்கு 20 வயது நிரம்பியது. 2022இல் கோகுலம் கேரளா அணியிலிருந்து சைப்ரஸின் அப்போலோன் அணிக்குப் போனார்.

அந்த ஆகஸ்டில் நடந்ததை மாணவிகளுக்கு நான் தேதியோடு சொல்வேன். 16ஆம் தேதி, நிர்வாகத்தில் வெளியார் தலையீடு இருப்பதாகச் சொல்லி, இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. ஆசியக் கிளப் போட்டிக்காக கோகுலம் பெண்கள் தாஷ்கெண்ட் போய் இறங்கியிருந்தார்கள். ஓர் ஆட்டமும் ஆடாமல் திரும்ப வேண்டியதாயிற்று. 18ஆம் தேதி, சைப்ரஸில், ரீகா அணிக்கு எதிரான ஆட்டத்தின் 60ஆவது நிமிடத்தில் மனிஷா களமிறங்கினார். ஐரோப்பியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். 26ஆம் தேதி தடை நீங்கியது. தாஷ்கெண்ட் வாய்ப்பு போனது போனதுதான். மனிஷாவுக்கும் அவருடைய பழைய தோழிகளுக்கும் திறமையிலா இடைவெளி? நாற்காலிச் சண்டையில் தொடர்பே இல்லாத பெண்கள் அதன் விலையைக் கொடுத்தார்கள். வெளியே போயிருந்தவர் மட்டும் தப்பித்தார். பின்னர் கிரீஸ், பெரு என்று அவர் பயணம் நீண்டது. அதைக் கொண்டாடலாம். கூடவே, ஒரு பெண் ஆடுவதற்கு ஏன் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்றும் கேட்கலாம்.

தமிழ்நாட்டின் பங்கு இதில் சிறியதல்ல. 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மீண்டும். 2019 மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இறுதியாட்டத்தில் தோற்ற மணிப்பூர் போலீஸ் அணியின் ஸ்ட்ரைக்கர், அந்தத் தொடரில் 26 கோல் அடித்த பாலா தேவிதான். சேதுவுக்காக ஆடிய நேபாளத்தின் சபித்ரா பண்டாரி பிறகு பிரான்ஸ்வரை போனார். அந்த வெற்றி நம் தெருக்களில் எத்தனை பேருக்குத் தெரிந்தது? ஐந்து மாதம் கழித்துத் தீபாவளிக்கு 'பிகில்' வந்தது. கற்பனையான ஒரு தமிழ்நாட்டுப் பெண்கள் அணியை, அதன் ஆண் பயிற்சியாளர் வழியாக, ஊரே அறிந்தது. நிஜமான அணி கோப்பையோடு வீடு திரும்பியிருந்தது. வசந்தவல்லியின் பந்தைப் பார்க்காத அதே கண்தான் இதுவும்.

வென்றுவிட்டால் சந்தேகம் தீரும் என்பவர்களுக்கு, கால்பந்துக்கு வெளியே, நம்மூரிலேயே ஒரு பதில் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல்சூளைத் தொழிலாளர்களின் மகள் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். 'உன்னால் முடியுமா' என்ற கேள்வி போய், 'நீ பெண்தானா' என்ற கேள்வி வந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது. நிரூபிக்கச் சொல்பவர்கள் நிரூபணத்துக்காகக் காத்திருப்பதில்லை என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது.

அதனால் இப்போதெல்லாம் மாணவிகளிடம் 'நிரூபித்துக் காட்டுங்கள்' என்று சொல்வதை விட்டுவிட்டேன். 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று இந்தியப் பெண்கள் 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற செய்தியை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். இரண்டு கோலையும் அடித்த சங்கீதா பாஸ்ஃபோரின் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். கைதட்டினார்கள். பிறகு ஒன்று சொன்னேன்: ஞாயிற்றுக்கிழமை மாலையில் நம் ஊர்த் திடல்களில் எத்தனையோ பையன்கள் மிக மோசமாக ஆடுகிறார்கள். யாரும் அவர்களிடம் சான்றிதழ் கேட்பதில்லை. திடல் அவர்களுடையதாகவே இருக்கிறது. மோசமாக ஆடுவதற்கும் திடல் கிடைக்கிற நாளில்தான் பெண்கள் ஆட்டத்துக்குள் வந்துவிட்டதாக அர்த்தம். கிளாஸ்கோவுக்குப் போகும் ஒருத்தி, எங்கும் போகாமல் ஆடிக்கொண்டிருக்கும் ஆயிரம் பேரிலிருந்துதான் வர முடியும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும்போது ஷிஃப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்துகளிலிருந்து இறங்கும் பெண்களைப் பார்க்கிறேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை, வேகமான நடை. நூறு ஆண்டுக்கு முன் பிரெஸ்டனில் வேலை முடிந்து வெளியே வந்த பெண்களும் இந்த வயதுதான். அவர்களுக்கு ஆலையின் பெயரில் ஓர் அணி இருந்தது. ஆட ஒரு திடல், சில காலமாவது, இருந்தது. இந்தப் பெண்களுக்கு மாறாத ஒரு ஷிஃப்டும், விளக்கு எரியும் ஒரு திடலும், அங்கிருந்து வீட்டுக்கு ஒரு பேருந்தும் வேண்டும். கேட்க இது பெரிய புரட்சியாகத் தெரியாது. ஆனால் இந்த மூன்றும் இல்லாததால்தான் என் மாணவி ஆட்டத்தை விட்டாள். அவளுக்கு மன உறுதி போதவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பூட்ஸை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. போன மாதம் அவளை ரயில்நிலையத்தில் பார்த்தபோது அதைச் சொன்னேன். சிரித்தாள். "அளவு எனக்கு மாறலை மேம்" என்றாள்.