கோட்டைக்கு வெளியே

நகரா, புறநகரா? படித்துப் பட்டம் பெற்று, பணியிலே அமர்ந்து, தமக்கென ஒரு குடும்பம் அமைத்திட முனையும் இளைஞரும் இளம்பெண்டிரும் ஓயாது கேட்டுக்கொள்ளும் கேள்வி இது.

நகரமே நல்லது என்பார், நூலகம் அருகில், மருத்துவமனை அருகில், அலுவலகம் அருகில், அறிஞர் உரை கேட்க மன்றமும் அருகில் என்பர். ஆனால் வாங்கும் ஊதியத்தில் பாதியை வாடகை விழுங்கும்; அறை இருக்கும், காற்று இராது; சன்னல் இருக்கும், வானம் தெரியாது. புறநகரே போதும் என்பார், அதே வாடகைக்கு அங்கே முழு வீடு, முருங்கை ஒன்று நட முற்றம், குழந்தை ஓடி விளையாட இடம் என்பர். ஆனால் காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி, இரயிலுக்கும் பேருந்துக்கும் காணிக்கை! நாளுக்கு மூன்று மணியென்றால் முந்நூறு வேலைநாளில் தொள்ளாயிரம் மணி. ஆண்டிலே முழுதாய் 37 பகலும் 37 இரவும் சாலையிலே கரைந்து போகின்றன!

இப்படி இரு தட்டிலும் எடைக்கற்களை ஏற்றி இறக்கிப் பார்க்கின்றனர். பார்க்கட்டும், தவறில்லை. ஆனால் அந்த எடைக்கற்களை வார்த்தவர் யார்? ஊருக்கு உள்ளே யார், வெளியே யார் என்று முதன்முதல் கோடு கிழித்தவர் யார்? வாடகையை மட்டும் பார்ப்போருக்கு இது தெரிவதில்லை. வரலாற்றைப் புரட்டுவோருக்குத் தெரியும்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரையில் ஒரு மணற்பரப்பு கிடைத்தது. அடுத்த ஆண்டே கோட்டை எழத் தொடங்கிற்று. கோட்டைக்குள்ளே வெள்ளையர் வாழ்ந்த பகுதிக்கு வெள்ளையர் பட்டினம் என்று பெயர். வெளியே நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் கூலிகளும் வாழ்ந்த பகுதிக்குக் கறுப்பர் பட்டினம் என்று பெயர். உடுத்த துணி நெய்தவன் வெளியே. அதை விற்று ஊதியம் கண்டவன் உள்ளே!

வெளியே தள்ளப்பட்டவர்களாவது தம்முள் ஒன்றாக இருந்தனரா? அதுதான் இல்லை. வலங்கை என்றும் இடங்கை என்றும் பிரிந்து, எந்தத் தெருவில் எவன் ஊர்வலம் போகலாம் என்று அடித்துக்கொண்டனர். 1707இல் மூண்ட பூசலை அடக்க ஆளுநர் தாமஸ் பிட் இரு சாராருக்கும் தனித்தனியே குடியிருப்பு வரையறுக்க வேண்டியதாயிற்று. கடல் கடந்து வந்தவன் நிறத்தால் ஒரு சுவர் எழுப்பினான். நம்மவரோ சாதியால் தெருவுக்குத் தெரு சுவர் எழுப்பினர். முன்னது கல்லால் ஆனது, இடிக்க முடிந்தது. பின்னது?

1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். 1749இல் அது மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மற்றொரு முற்றுகைக்கு அஞ்சிய அவர்கள் என்ன செய்தனர்? பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய வேண்டுமென்று கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் பட்டினத்தையே தரைமட்டமாக்கினர். குடியிருந்தோர் வடக்கே முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் போயினர். வெறுமையாக்கப்பட்ட அந்த மண்ணின்மீதுதான் 1892இல் உயர்நீதிமன்றம் எழுந்தது. இன்று நீதி வழங்கும் இடத்திற்கு அடியில், நீதி கிடைக்காத ஒரு பட்டினம் புதைந்து கிடக்கிறது!

போர் அச்சம் நீங்கியதும், கோட்டைக்குள்ளே நெருங்கிக் கிடந்த கம்பெனி வணிகர்களுக்குக் காற்று வேண்டியிருந்தது. நுங்கம்பாக்கத்திலும் எழும்பூரிலும் அடையாற்றங்கரையிலும் ஏக்கர் கணக்கில் நிலம் வளைத்து, நடுவே தூண்கள் நிமிர்ந்த மாளிகை எழுப்பி, தோட்ட வீடு என்று பெயரிட்டனர். சென்னையின் முதல் புறநகர்வாசி குடும்பச் செலவுக்கு அஞ்சி ஒதுங்கிய எழுத்தரல்லர். கூட்டத்தை விட்டு விலகிட விரும்பிய கொழுத்த வணிகரே! பல்லக்குத் தூக்க ஆள் இருந்தது, பாதை தூரமாகத் தெரியவில்லை.

இங்கேதான் தோழர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஊருக்கு வெளியே வாழ்வதற்கு இந்நாட்டில் இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று, விரும்பி வெளியே போனவன் வரலாறு; அவன் வாழ்ந்த இடத்திற்குத் தோட்டம் என்று பெயர். மற்றொன்று, விரட்டி வெளியே வைக்கப்பட்டவன் வரலாறு. அவன் வாழ்ந்த இடத்திற்குச் சேரி என்று பெயர். தொலைவு ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஒருவன் எடுத்துக்கொண்ட தொலைவும், மற்றவன்மீது திணிக்கப்பட்ட தொலைவும் ஒன்றாகிவிடுமா?

ஆகவேதான், சிற்றூரின் அழகைப் பாடிப் புகழ்ந்தோர் நடுவே தந்தை பெரியார் தனித்து நின்றார். நகரத்தான், சிற்றூரான் என்னும் பிரிவினையே வருணப் பிரிவினை போன்றது, அந்த வேறுபாடே ஒழிய வேண்டும் என்றார். அறிஞர் அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலே, சிற்றூரைப் போற்றுவோரை மறுத்துக் கடுமையாகப் பேசினார். நகரத்தின் பகட்டுக்கு மயங்கியா பேசினர் இருவரும்? அல்ல! பெயரைச் சொன்னாலே பிறப்பைக் கணக்கிட்டுவிடும் இடத்தைவிட, பெயரறியாதோர் தோளோடு தோள் உரசிச் செல்லும் இடத்திலே மனிதன் மனிதனாகத் திரிய முடியும் என்று கண்டதாலேயே பேசினர்.

சரி, கோடு கிழித்தோர் கதை இது. கோட்டை அழிக்க முனைந்தோர் கதையும் உண்டு. நீதிக்கட்சி ஆட்சிப் பொறுப்பேற்ற 1920ஆம் ஆண்டு, சென்னை நகரமைப்புச் சட்டமும் பிறந்த ஆண்டு. நெருக்கத்தில் திணறிய நகருக்கு மேற்கே, மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து, திட்டமிட்ட தெருக்களும் பூங்காவும் கொண்ட புதிய குடியிருப்பு அமைத்திட அவ்வாட்சி முனைந்தது. அதுவே தியாகராய நகர்! 1920இல் முதலமைச்சர் பதவி தேடி வந்தபோது வேண்டாமென்று ஒதுக்கிய வெள்ளுடை வேந்தர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கி நிற்கும் நகர். அதன் தெருக்களிலே நடப்பது நீதிக்கட்சி வரலாற்றின் பக்கங்களைப் புரட்டுவதாகும். பனகல் அரசர் பெயரால் பூங்கா, நடேசனார் பெயரால் பூங்கா, டாக்டர் நாயர் பெயரால் சாலை, உஸ்மான் பெயரால் சாலை. புடவைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் முண்டியடித்துச் செல்லும் மக்கள் பாண்டி பஜார் என்கிறார்களே, அது சவுந்தரபாண்டியனார் அங்காடி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

யார் அந்தச் சவுந்தரபாண்டியனார்? 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டின் தலைவர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டவர். காசு கொடுத்தாலும் இருக்கை இல்லை என்றிருந்த நிலையை ஒரு கையெழுத்தால் உலுக்கியவர்! பேருந்துக்குள் நுழைய முடியாதவனுக்கு நகரேது, புறநகரேது? ஊர்தியிலே உரிமை கிடைத்த பின்னரே, எங்கே வாழ்வது என்னும் கேள்வியைக் கேட்கும் உரிமையும் கிடைக்கிறது.

நம்மவர் செய்தது என்பதால் குறையை மறைத்திடல் பகுத்தறிவாகாது. தியாகராய நகருக்காக ஏரி தூர்க்கப்பட்டது. மேற்கு மாம்பலத்திலே ஏரிக்காட்சிச் சாலை என்னும் பொருள்பட ‘லேக் வியூ ரோடு’ இன்றும் இருக்கிறது. சாலை உண்டு, காட்சி இல்லை! ஏரியைத் தூர்த்து வீடெழுப்பும் அந்தப் பழக்கம் பிற்காலத்தே எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. பல்லக்கும் குதிரை வண்டியும் வைத்திருந்தோர்க்கே உரியதாயிருந்த புறநகர், மாதச் சீட்டு வாங்கும் எழுத்தருக்கும் ஆசிரியருக்கும் கைக்கெட்டியது. நுரையீரல் நோயாளருக்குத் தூய காற்று வேண்டி 1928இல் தாம்பரத்திலே மருத்துவமனை தோன்றியிருந்தது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டு அங்கே குடியேறிற்று. நேற்றுக் காடு, இன்று கல்லூரி, நாளை நகர்! புறநகர் என்பது நிலைத்த பெயரன்று, ஓடும் பெயர். 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. 2021இல் தாம்பரமே தனி மாநகராட்சியாயிற்று.

இரயில் பெட்டி தூரத்தை மட்டுமா குறைத்தது? பக்கத்தில் அமர்பவன் யார் என்று கேட்க நேரமில்லாத நெரிசலைத் தந்தது. தீண்டாமை பேசியவன் தொங்கிக்கொண்டு போகக் கற்றான்! பெண்களுக்கு அது மேலும் பெரிய வாயில். 2021 மே திங்களில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று தமிழக அரசு ஆணையிட்டது. தொலைவிலே வாழும் பெண், வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதைப் பேருந்துச் செலவு முடிவு செய்த நிலை அதனால் தளர்ந்தது. சலுகையென்று ஏளனம் செய்வோர், அவள் வீட்டுக் கணக்கை ஒருநாள் எழுதிப் பார்க்கட்டும்.

ஆனால் வரலாறு எப்போதும் முன்னோக்கியே நடப்பதில்லை. 1970இல் கலைஞர் ஆட்சியிலே குடிசை மாற்று வாரியம் அமைந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு எழுப்புதல் அன்றைய நெறியாக இருந்தது. உழைப்பவன் உழைக்கும் இடத்தருகே வாழட்டும் என்பதே அதன் உட்பொருள். பின்னாளில் நகர நிலத்தின் விலை விண்ணை முட்டியபோது நெறி மாறிற்று. 2000ஆம் ஆண்டு முதல், ஆற்றோரத்தும் சாலையோரத்தும் வாழ்ந்தோர் பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டனர். பதினையாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அங்கே எழுந்தன. பின்னர்ச் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அது நீண்டது. ஆட்சிகள் மாறின, அனுப்பும் திசை மாறவில்லை. வீடு கிடைத்தது, வேலை தொலைந்தது. கூரை கிடைத்தது, பிள்ளைகள் படித்த பள்ளி இருபது கிலோமீட்டர் பின்னால் நின்றது. நீதி கேட்டு அரசவை ஏறியவள் பெயரை அந்நகருக்குச் சூட்டினரே, அவளே அங்கு வாழ நேர்ந்தால் எந்த அவைக்கு, எந்தப் பேருந்தில் ஏறிப் போவாள்?

அதே சாலையிலே கண்ணாடி மாளிகைகள், கணிப்பொறி அலுவலகங்கள், நீச்சற்குளத்தோடு கூடிய அடுக்குமாடிகள். அங்கே குடிவரும் இளைஞன் புறநகர் வாழ்வைத் தேர்ந்தெடுத்தேன் என்கிறான். அவன் வீட்டைப் பெருக்க வரும் பெண்ணும் புறநகரில்தான் வாழ்கிறாள். அவளிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை!

அமெரிக்காவைப் பாரீர் என்பார் உளர். பார்ப்போம்! 1947இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டிலே லெவிட்டவுன் எழத் தொடங்கிற்று. பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். போரிலிருந்து திரும்பிய இளைஞருக்கு எளிய தவணை. ஆனால் ஒப்பந்தத்திலே வெள்ளையரல்லாதார் குடியிருக்கக்கூடாது என்று நிபந்தனை! இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என 1948இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னரும், 1957இல் பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில் குடியேறிய முதல் கறுப்பினக் குடும்பத்தின் வீட்டெதிரே வெறியர் கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. வீட்டுரிமையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வர 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அங்கே ஒப்பந்தத்தில் எழுதினர். இங்கே எழுதுவதில்லை, கேட்கின்றனர். “சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு? வீட்டில் என்ன சமையல்?” மூன்றே கேள்வி! சைவம் மட்டும் என்று ஒரு பலகை. எழுத்து இரண்டு சொல். பொருளோ இரண்டாயிரம் ஆண்டு! வாடகையும் முன்பணமும் கையில் வைத்துக்கொண்டு, படிப்பும் பதவியும் இருந்தும், பத்து வீட்டுப் படியேறி இறங்கும் இளைஞனுக்கு, நகரா புறநகரா என்னும் கேள்வி பொருளற்றுப் போகிறது. இருபுறமும் கதவு சாத்தியிருந்தால் எத்தட்டிலே எடையை வைப்பான் அவன்?

இயற்கையும் ஒருநாள் கணக்குக் கேட்டது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. ஏரியென்றும் தாங்கல் என்றும் முன்னோர் ஒதுக்கி வைத்த பள்ளங்களில் மனை போட்டு விற்றவன் உயரத்தில் இருந்தான். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கியவன் மொட்டை மாடியில் உணவுப் பொட்டலத்துக்குக் கையேந்தி நின்றான். விதியென்றனர் சிலர். விதியன்று, விற்பனைப் பத்திரம்! 2022இல் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மிஞ்சியதைக் காத்திட உலகமே சான்று தர வேண்டியதாயிற்று.

ஆக, நகரிலே வாழ்வீர் என்றோ புறநகர் புகுவீர் என்றோ தீர்ப்பளிப்பதன்று நம் பணி. அது அவரவர் ஊதியத்தையும் உடலையும் குடும்பத்தையும் பொறுத்தது. எங்கே வாழினும் மூன்றைக் கேட்டிடுவீர். இந்நிலம் முன்னர் நீருக்கு உரியதாயிருந்ததா? இங்கிருந்து கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, அதில் ஒரு பெண் அச்சமின்றி வீடு திரும்ப முடியுமா? பக்கத்து வீட்டில் எவரும் குடிவர இயலுமா? முன்னிரண்டும் உம் வசதிக்கான கேள்விகள். மூன்றாவது உம் மானத்திற்கான கேள்வி.

விடை காண வழியில்லாமல் இல்லை. 1997இல் வகுக்கப்பட்ட பெரியார் நினைவுச் சமத்துவபுரத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். நூறு வீடுகள், ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. அவரவர்க்குத் தனி வரிசை இல்லை, அடுத்தடுத்த வீடு. சிற்றூரிலே செய்து காட்ட முடிந்ததைச் செல்வம் கொழிக்கும் புறநகரிலே ஏன் செய்யலாகாது? மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அரசு, சாலை அகலத்தை அளந்து பார்க்கிறதே, கதவின் மனத்தையும் ஏன் அளக்கக்கூடாது?

தோழர்களே! வீடு பார்க்கப் புறப்படுகையில், “உங்களவர்கள் நிறைய இருக்கும் பகுதி, நிம்மதியாக இருக்கலாம்” என்று தரகர் ஆசை காட்டுவார். அந்த நிம்மதி வேண்டாம் என்று சொல்லிடும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? அச்சொல்லைச் சொன்னவன் சென்னையில் வாழ்ந்தாலென்ன, செங்கற்பட்டில் வாழ்ந்தாலென்ன? 1640இல் எழத் தொடங்கிய கோட்டைச் சுவருக்கும், அதற்கு முன்பே நம் தெருக்களில் எழுந்த சுவருக்கும் அவனே வெளியே வந்தவன்!