ஓலை வாசிப்பதற்கு முன்னால்



பாடகர் குழுப் பயிற்சியை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக வைக்கலாம் என்று எங்கள் சபையில் ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. காரணம் உங்களுக்கே புரியும். "நம்ம முன்னோர் காலத்துல இதெல்லாம் உண்டுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். உண்டு ஐயா. அதைத்தான் எழுதுகிறேன்.

1820-இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவ ஊர்கள் பல உருவாயின. ஊருக்கு ஓர் உபதேசியார், ஒரு பள்ளிக்கூடம். உபதேசியாருக்கு எழுத்து தெரிந்த மனைவி வேண்டும் என்பது மிஷனரிகளின் எண்ணம். பெண்களுக்கு போர்டிங் பள்ளிகள் வைத்ததில் இதற்கும் பங்குண்டு. படித்து முடித்த பெண்ணை எந்த உபதேசியாருக்குக் கொடுக்கலாம் என்று மிஷனரி அம்மாமாரே யோசித்தார்கள். தரகர் வேலைதான், வேறென்ன! சாராள் தக்கர் பெயரில் பாளையங்கோட்டையில் எழுந்த பள்ளி 1895-இல் கல்லூரியானது. அந்த அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா, 1898-இல் மணந்த அன்பு மரியம்மாள் கல்லூரிப் படிப்புப் படித்தவர்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆங்கிலிக்கன் பிரார்த்தனைப் புத்தகத்தோடு வந்த உறவுமுறைப் பட்டியல் அக்காள் மகளைக் கட்டக்கூடாது என்கிறது. அத்தை மகள், மாமன் மகளுக்குத் தடை இல்லை. நம் ஊர்களில் தாய்மாமனுக்கு முதல் உரிமை என்பது பழைய வழக்கம். அந்தக் கதவை சபை மூடியதும், அடுத்த சேகரத்துக்குப் போய்ப் பெண் பார்க்கவேண்டி வந்தது.

அடுத்த சேகரத்து ஆட்களை எங்கே பார்ப்பது? பண்டிகையில்தான். ஆலயத்துக்குள் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தலையைத் திருப்பினால் பின்னால் இருக்கும் பெரியம்மா பார்த்துவிடுவாள். அசனப் பண்டிகையில் அந்தக் கட்டெல்லாம் தளர்ந்துவிடும். விடிய விடியக் கறி வெட்டு, அடுப்பு, புகை. பந்தியில் பரிமாற வாலிபர்கள், உட்கார்ந்து சாப்பிட வெளியூர்க் குடும்பங்கள். "அந்தக் குழம்பு வாளி தூக்குற பையன் யாரு?" என்ற கேள்வியில் தொடங்கிய கல்யாணங்கள் எனக்குத் தெரிந்தே பத்துக்கு மேல் இருக்கும். அறுவடைப் பண்டிகை ஏலம் அதைவிட ருசி. காணிக்கையாக வந்த வாழைத்தார், சேவல், பூசணிக்காய் எல்லாம் ஏலம் போகும். யார் கை தாராளம், யார் எட்டணாவுக்கு மேல் வாய் திறக்கமாட்டார் என்று ஊரே பார்க்கும். என் அப்பா ஒரு பூசணிக்காய்க்கு வேண்டுமென்றே விலையை ஏற்றிக்கொண்டே போனாராம். அதைக் கொண்டுவந்தது என் அம்மாவின் வீடு. அம்மாவுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. "வெட்டிச் செலவு" என்பாள்.

பிறகு பாடகர் குழு வந்தது. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நாலு குரல் வேண்டுமென்றால் ஆணும் பெண்ணும் ஒன்றாக நின்றுதானே ஆகவேண்டும்? கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ், வாலிபர் ஐக்கியம் எல்லாம் அதன் தொடர்ச்சி. 1881-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் பிரான்சிஸ் கிளார்க் தொடங்கிய கிறிஸ்டியன் எண்டெவர் சங்கத்தில் ஆண், பெண் இருபாலரும் உறுப்பினர். ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதாவது ஒரு பங்கு எடுக்கவேண்டும் என்பது உறுதிமொழி. அதுவும் நம் பக்கம் வந்து சேர்ந்தது.

ஆனால் ஒன்றை மறைக்கமாட்டேன். ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கியவர்கள், சம்பந்தம் என்று வந்தால் சாதியைக் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். தனித்தனிப் பயிற்சி வேண்டும் என்பவர்களின் பயம் காதலைப் பற்றியது மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. தங்களுக்குள்ளேயே பார்த்துக்கொண்டால் இவ்வளவு பேச்சு வராது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை ஏதும் உண்டா என்று ஐயர் சபையைக் கேட்கிறார். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வயதைக் கேட்கிறது. அன்று இந்தியக் கிறிஸ்தவ மணமகனுக்குப் 16-க்கு மேல், மணமகளுக்கு 13-க்கு மேல் என்றிருந்தது. இன்று 21, 18. உயிரோடு இருக்கும் கணவனோ மனைவியோ உண்டா என்று கேட்கிறது. சாதியைச் சட்டமும் கேட்கவில்லை, பிரார்த்தனைப் புத்தகமும் கேட்கவில்லை. ஓலை வாசிக்கும்போது எங்கள் ஆலயத்தில் ஒருவர்கூட எழுந்து நான் பார்த்ததில்லை. ஆட்சேபணை எல்லாம் அதற்கு முன்பே வீட்டுக்குள் நடந்து முடிந்துவிடும்.

உங்கள் தாத்தா பாட்டி எந்தப் பண்டிகையில் பார்த்துக்கொண்டார்கள்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பிழையில்லாமல் எழுதவேண்டும், திருத்துவேன்.