ஐடிலிங் வேகச் சரிப்படுத்தல்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

கார் நின்றிருக்கும்போது, ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில் எஞ்சின் அணையாமல் சுழலும் வேகம் ஐடிலிங் வேகம் எனப்படும். சூடேறிய சிறிய பெட்ரோல் எஞ்சினில் இது பொதுவாக நிமிடத்திற்கு 700 முதல் 900 சுற்றுகள் வரை இருக்கும். கார்புரேட்டர் காலத்தில் மெக்கானிக் திருகைக் கொண்டு அமைத்த இவ்வேகத்தை, எரிபொருள் உட்செலுத்தல் முறை வந்த பின்னர் கணினியே அமைக்கிறது. இம்மாற்றம் சென்னைக்கு முன்பும், பெரம்பலூர், அரியலூர் போன்ற உள்மாவட்டங்களுக்குப் பின்பும் வந்து சேர்ந்தது.

கார்புரேட்டர் காலம்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, தொடக்ககால மாருதி 800 ஆகிய கார்களில் கார்புரேட்டரே இருந்தது. அதில் இரு திருகுகள் முக்கியமானவை. ஒன்று வேகத்தையும், மற்றொன்று காற்று-பெட்ரோல் கலவையையும் மாற்றும். எஞ்சின் ஓசையைக் காதால் கேட்டே மெக்கானிக் இரண்டையும் சரிசெய்வார். வெயில், மழை, தேய்மானம் ஆகியவற்றுக்கு ஏற்ப இதை அவ்வப்போது மீண்டும் செய்ய வேண்டியிருந்தது.

உட்செலுத்தலின் வருகை

ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உருவாக்கிய மின்னணு உட்செலுத்தல் முறை 1967-இல் வோக்ஸ்வாகன் 1600 காரில் இடம்பெற்றது. இத்தகைய தொடக்ககால முறைகளில் திருகு முற்றிலும் மறையவில்லை. திராட்டில் தகட்டைச் சுற்றிச் செல்லும் சிறு காற்றுவழியை அது கூட்டவோ குறைக்கவோ செய்தது.

தமிழ்நாட்டில், இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ 1998-இல் எம்.பி.எஃப்.ஐ. எனப்படும் பல்முனை உட்செலுத்தலுடன் விற்பனைக்கு வந்தது.

சென்னையும் உள்மாவட்டங்களும்

புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் கட்டாயமானது. ஈயம் கலவாத பெட்ரோல் 2000-இல் நாடு முழுவதும் வந்தது. பாரத் ஸ்டேஜ் 2 மாசு விதிகள் சென்னையில் 2001-இலும், நாடு முழுவதும் 2005 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டிருந்தது. எனவே அவ்விதிகள் வந்தபோது இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்தன. 2007-இல் அரியலூர் மறுபடியும் தனியானது.

இக்காலத்தில் கார்புரேட்டர் கார்களும் உட்செலுத்தல் கார்களும் ஒரே சாலைகளில் ஓடின. ஒன்றுக்குப் பழகிய கை மற்றதையும் அதே முறையில் திருக முனைவது இயல்பே. சிக்கல் எழுவதும் அங்குதான்.

செயல்படும் முறை

உட்செலுத்தல் காரில் குளிர்நீரின் வெப்பம், திராட்டிலின் நிலை, எஞ்சின் சுழற்சி ஆகியவற்றை உணரிகள் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கின்றன. அது ஐடிலிங் காற்று வால்வைத் திறந்தோ மூடியோ வேகத்தை நிலைநிறுத்துகிறது. ஏ.சி. போட்டதும் எஞ்சின் திணறாமல் இருப்பது இதனால்தான்.

திராட்டில் தகடு முழுவதும் மூடிவிடாமல் தடுக்கும் சிறு திருகு ஒன்றும் உண்டு. அது ஆலையிலேயே அளந்து அமைக்கப்படுவது. வேகத்தைக் கூட்டுவதற்கானது அன்று. அதைத் திருகினால், மிதி அழுத்தப்பட்டிருப்பதாகக் கணினி தவறாக எண்ணக்கூடும். அப்போது வேகம் ஏறி இறங்கும், பெட்ரோல் வீணாகும், உண்மையான பழுதும் மறைந்துவிடும்.

பழுது காணும் வரிசை

வேகம் குறைந்தாலோ ஏறி இறங்கினாலோ முதலில் ரப்பர் குழாய்களில் வெடிப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். வெடிப்பின் வழியே அளவில் சேராத காற்று உள்ளே செல்லும். அடுத்து, திராட்டிலிலும் காற்று வால்விலும் படிந்த எண்ணெய்க்கரியைத் துடைக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் உள்ள அரியலூர் வட்டாரத்தில் காற்று வடிகட்டியை அடிக்கடி பார்ப்பது நல்லது. பிறகு வெப்ப உணரியைச் சோதிக்கலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டியபின், பல கார்களில் கணினி ஐடிலிங் அளவை மீண்டும் கற்றுக்கொள்ளச் சிறிது நேரம் ஆகும். அதைப் பழுது எனக் கொள்ளலாகாது.

புகைச் சோதனை

பெட்ரோல் கார்களின் புகை ஐடிலிங் நிலையிலேயே அளக்கப்படுகிறது. 2004 அக்டோபர் முதல் பழைய கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 விழுக்காடு. பாரத் ஸ்டேஜ் 2 கார்களுக்கு 0.5 விழுக்காடு. ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிய இவ்வரம்பைக் காதால் கேட்டுக் கணிக்க இயலாது. கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு என்பதால், மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டு இச்சோதனைகளைச் செய்யக்கூடாது.