வேடமும் ஊர் வழக்கும்

யாழ்ப்பாண நகரின் தென்கரையில், கடனீரேரியை அண்டியுள்ள குருநகருக்குக் கரையூர் என்பது பழம்பெயர். கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் வாழும் இவ்வூரில், வலை இழுத்த கைகளே கூத்துக் களரியிற் செங்கோல் ஏந்தின.

வேடம் புனைந்தவன் எவ்வுருவும் கொள்ளலாம். மீனவன் அரசனாவான், ஆடவன் அரசியாவான். இவ்வாற்றல் ஒருவனிடமே குவிந்தால் ஏனையோர்க்கு இடமேது? யாழ்ப்பாண, மன்னார்க் கரையோரக் கத்தோலிக்கக் கூத்து மரபு இதற்கு வழி கண்டது. விடியும்வரை நீளும் கூத்தில் ஒரே பாத்திரத்தைப் பலர் பங்கிட்டு ஆடினர். ஆள் மாறினும் அரசன் மாறவில்லை. யாருக்கு எவ்வேடம் என்பதை அண்ணாவியார் வகுத்தார்.

கலாநிதி சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில், மட்டக்களப்பு மரபில் வந்த 'கர்ணன் போர்' கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். கூத்து நகர மேடையிற் புத்துயிர் பெற்றது. ஆயினும் குறுகிய நேரத்துள் அடங்கும் ஆட்டத்தில் ஓர் அரசனுக்கு ஒருவரே போதும். பங்கிட்டு ஆடும் தேவை மறைந்தது.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். நண்பர்கள் மேசையைச் சூழ்ந்திருந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதை வளர்க்கும் ஆட்டம் அது. அங்கும் மந்திரத்தால் உருமாறுபவன் வீரனின் வலிமையையும் ஒற்றனின் திறனையும் தானே பெற்றுவிட, தோழர்க்கு வேலையற்றுப் போயிற்று. நூல் விதி போதாத இடத்து, ஆடுவோர் தத்தம் வீட்டுக்கென விதி வகுத்தனர்: உருமாற்றத்துக்குக் கால எல்லை இட்டனர், எடுக்கும் உருவங்களையும் மட்டுப்படுத்தினர்.

அவர்கள் மாயத்தை அளந்து கொடுத்தனர். கரையோர ஊர்களோ வேடத்தையே பகிர்ந்து கொடுத்தன.