புழைக்கடையும் நகராண்மையும்: முத்துக்கரைச் சுகாதார ஒழுங்குமுறை பற்றிய ஒரு நோக்கு

1. முன்னுரை

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் கோயிலையும் கோட்டையையும் துறைமுகத்தையும் முற்படக் கூறுவர். வீட்டின் புழைக்கடையைக் கூறுவார் அரியர். ஆயின், நகராண்மை என்னும் அமைப்பு மக்கள் வாழ்வினுள் முதன்முதல் நுழைந்தது தலைவாயில் வழியாக அன்று, புழைக்கடை வழியாகவே எனலாம். குடியிருப்பின் நெருக்கம், கழிவுக்குழி, வளர்ப்புக்கோழி ஆகிய மூன்றும் அங்கேதான் ஒன்று கூடுகின்றன. தூத்துக்குடியையும், அதன் தெற்கே திருச்செந்தூர்ச் சாலையில் உப்பளங்களை அடுத்துள்ள முத்தையாபுரத்தையும் கண்முன் வைத்து, இம்மூன்றையும் பற்றிய ஒழுங்குமுறை வளர்ந்த வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

2. இலக்கியமும் அகழாய்வும்

கடற்கரைப் பட்டினத்து வாழ்வில் கோழிக்கு இருந்த இடத்தைப் பட்டினப்பாலை இருவகையாகக் காட்டுகின்றது. செல்வர் மனையின் அகன்ற முற்றத்தில் உலரும் உணவைக் கவர வரும் கோழியை மகளிர் தம் காதணியை எறிந்து விரட்டுகின்றனர். பின்னர்ப் புறச்சேரியைக் கூறுமிடத்துப் பன்றிகளும் கோழிகளும் உறைகிணறும் ஒருங்கே கூறப்படுகின்றன. ஒரே பறவை முற்றத்தில் செல்வத்தின் அடையாளமாகவும், சேரியில் நெருக்கத்தின் அடையாளமாகவும் நிற்றல் நோக்கத்தக்கது. கோழி குப்பையைக் கிளறும் காட்சி புலவர் ஒருவர்க்குப் பெயராகவே அமைந்தது. அவரே குறுந்தொகைப் புலவர் குப்பைக்கோழியார்.

உறை என்னும் சுடுமண் வளையம் கிணற்றிற்கு மட்டும் உரியதன்று. தமிழக அரசின் தொல்லியல் துறை 1968-69ஆம் ஆண்டுகளில் கொற்கையில் நிகழ்த்திய அகழாய்வில், செங்கற் கட்டடம் ஒன்றின் அடியில் மூன்று பெரிய உறைகள் கிடைத்தன. அவை கழிவுநீரை மண்ணுள் உறிஞ்சச் செய்யும் அமைப்பாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அது பொருந்துமாயின், நன்னீரை மேலே கொணர்ந்த உறையே கழிவுநீரைக் கீழே அனுப்பவும் பயன்பட்டது என்பது பெறப்படும். இன்றும் சிமிட்டி உறைகளை இறக்கிக் கிணறும் அமைக்கின்றனர், மலக்குழியும் அமைக்கின்றனர். இவ்விரண்டிற்கும் இடையே எவ்வளவு தொலைவு வேண்டும் என்பதே பிற்காலச் சட்டங்கள் விடைகாண முயன்ற வினா.

3. சொற்கள் கூறும் வரலாறு

புழை என்பது துளை, வாயில் எனப் பொருள்படும். புழைக்கடை பின்வாயிலையும் அதனைச் சார்ந்த இடத்தையும் குறிக்கும். அரசின் கால்நடைத்துறையார் இன்று வழங்கும் 'புறக்கடைக் கோழி வளர்ப்பு' என்னும் தொடரிலும் அவ்விடமே சுட்டப்படுகின்றது. 'கொல்லைக்குப் போதல்' என்னும் இடக்கரடக்கலும் அவ்விடத்தின் மற்றொரு பயனைக் காட்டும். இவ்வாறு கழிப்பிடத்தைத் தனிக் கட்டடமாக எண்ணாது வெளியிடமாகவே எண்ணிய மொழியில், தனிக் கட்டடத்திற்குரிய பெயர் வெளியிலிருந்து வந்தது. 'கக்கூஸ்' என்பது மலத்தையும் வீட்டையும் குறிக்கும் இரு டச்சுச் சொற்களின் கூட்டுச்சொல்லினின்றும் வந்ததாகும். மலாய் மொழியிலும் 'காக்குஸ்' என அது வழங்குகின்றது. டச்சுக்காரர் 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

4. சிலாபத்துப் பாசறை

முத்துக்குளிக்கும் காலத்தில் கடற்கரை மணலில் ஆயிரக்கணக்கானோர் குடிசையிட்டுத் தங்குவர். எடுத்த சிப்பிகளைக் 'கொட்டு' எனப்படும் அடைப்புகளில் குவித்து அழுகவிட்டு, பின்னர்க் கழுவி முத்தைப் பிரிப்பர். எனவே அழுகலே இத்தொழிலின் ஒரு படிநிலையாயிற்று. ஈயும் நாற்றமும் மக்கள் நெருக்கமும் கூடிய அவ்விடத்தில் வாந்திபேதி எளிதிற் பரவும். ஆதலின் கொட்டினைக் குடியிருப்பினின்று விலக்குதல், குடிநீரைக் காத்தல், மருத்துவமனை அமைத்தல் ஆகியவை சிலாபத்து நிருவாகத்தின் கடமைகளாயின. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த முத்துக்குளிப்புடன் அப்பாசறைகளும் முடிவுற்றன. அவை சில வாரங்களில் கலைந்துவிடும் நகரங்கள். கலையாத நகரத்திற்கோ நிலையான சட்டம் வேண்டியதாயிற்று.

5. சட்டத்தின் வளர்ச்சி

இந்தியாவிலிருந்த படையினரின் சுகாதாரத்தை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவின் அறிக்கை 1863இல் வெளிவந்தது. 1865இல் சென்னை மாகாண நகர முன்னேற்றச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டே தூத்துக்குடி நகராட்சி தோன்றிற்று. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் மன்றங்களின் பொறுப்பை விரித்தது. இராசாசி அமைச்சரவையில் டி. எஸ். எஸ். இராசன் சுகாதார அமைச்சராக விளங்கிய காலத்தில், 1939ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டமாகப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது.

இச்சட்டத்தின் சிறப்பு அதன் 'தொல்லை' என்னும் கருத்திலேயே அடங்கியுள்ளது. உடலுக்குத் தீங்கு தருவதோடு கண், மூக்கு, செவி ஆகிய புலன்களுக்கு வெறுப்பூட்டுவதும் தொல்லையெனப்படும். கழிவுக்குழி, தீங்குண்டாகும் வகையில் வைக்கப்பட்ட விலங்கு, அளவுமீறி மக்கள் நெருங்கிய வீடு ஆகியவை அதன்கண் ஒரே வரிசையில் எண்ணப்பட்டன. பிற்காலத்தில் இவை பிரிந்தன. வாடகைக் குடியிருப்பு 1960ஆம் ஆண்டின் சட்டத்திற்குரியதாயிற்று. குடியிருப்போர் நுகரும் கழிப்பிட வசதியை உரிமையாளர் தடுத்தல் கூடாதென அது விதித்தது. நகர்ப்புறங்களில் விலங்கும் பறவையும் வளர்ப்பதை ஒழுங்குபடுத்த 1997இல் தனிச்சட்டம் வந்தது. மலக்கசடு அகற்றுதற்கான நெறிமுறைகளைத் தமிழக அரசு 2014இல் வெளியிட்டது.

6. சுமை யாருடையது?

தூத்துக்குடித் துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாயிற்று. உரத் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் அடுத்தெழுந்தன. நகரம் 2008இல் மாநகராட்சியாயிற்று. பின்னர் முத்தையாபுரமும் அதனுள் அடங்கிற்று. தொழில் நாடி வருவோர் மிகமிக வாடகை வீடுகள் மிகுதல் இயல்பு. மனை சுருங்கச் சுருங்கப் புழைக்கடை மறைகின்றது. கிணற்றிற்கும் கழிவுநீர் உறிஞ்சுகுழிக்கும் இடையே 18 மீட்டர் தொலைவு வேண்டுமென இந்தியத் தர நிறுவனத்தின் விதி கூறும். நீர் எளிதில் ஊடுருவும் கடற்கரை மணலில் அவ்விதி மிகத் தேவையானது; சிறுமனையில் அதுவே இயலாததும் ஆகின்றது.

சட்டம் வீட்டுக்குரியவரை விளித்துப் பேசுகின்றது. நோயோ குடியிருப்பவரையே முதலில் அடைகின்றது. ஆயினும் குறைகூறின் வீட்டைவிட்டு நீங்க நேரிடுமோ என்னும் அச்சம் அவர் வாயை அடைத்துவிடும். அவரினும் கீழே நிற்பவர் குழியை வெறுங்கையால் தூர்வாரும் தொழிலாளர். 1993, 2013ஆம் ஆண்டுகளில் இயற்றப்பெற்ற சட்டங்கள் அக்கொடுமையைத் தடைசெய்தன. எனினும் சாவுகள் நின்றில. இத்தகைய சாவுக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்த நேர்ந்தமையே அதற்குச் சான்று.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கோழியும் குழியும் வாடகையும் வேறுவேறு பொருள்கள் அல்ல. நெருங்கி வாழ்தல் என்னும் ஒன்றன் மூன்று முகங்களே என்பது விளங்கும். அவற்றை ஒருங்குவைத்து எண்ணிய 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கு, துறைதோறும் பிரிந்து நிற்கும் இக்கால ஆட்சிக்கும் வேண்டுவதாகும். உப்பளக்கரையின் வாடகைக் குடியிருப்புகளில் வாழ்வோர் வாய்மொழியையும், நகராட்சித் தீர்மானப் பதிவேடுகளையும் ஒப்பிட்டு ஆராயும் பணி ஆய்வு மாணவர்க்குக் காத்திருக்கின்றது. சொல்லையும் சட்டத்தையும் ஆராய்வதோடு அமையாது, குழியினுள் இறங்கியவர் பெயரையும் வரலாற்றில் எழுதுதல் நம் கடமையாகும்.