கல்லடைப்பு: சுஸ்ருதர் முதல் சாத்தூர் கிடா வரை

சாத்தூர், சிவகாசி, விருதுநகர் பக்கம் கிடா வளர்க்கிறவங்க கொஞ்சம் கவனிங்க.

சிறுநீர்ப்பைக் கல்லைக் கீறி எடுப்பதை சுஸ்ருத சம்ஹிதையே விவரிக்கிறது. ஹிப்போகிராட்டிஸ் உறுதிமொழியோ அந்தக் கத்தி வேலையை அதுக்குன்னு இருக்கிறவங்களிடமே விடச் சொன்னது. அவ்வளவு ஆபத்து! 1658-ல் லண்டனில் கல் எடுத்துப் பிழைத்த சாமுவேல் பெப்பிஸ், அந்த நாளைப் பல ஆண்டுகள் விருந்து வைத்துக் கொண்டாடினார்.

16-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃப்ராங்கோ, ஒரு குழந்தைக்கு அடிவயிற்று வழியாகக் கல்லை எடுத்தார். குழந்தை பிழைத்தது. ஆனாலும், வேற யாரும் இப்படிச் செய்யாதீங்கன்னு எழுதி வைத்தார்! 1930-களில் அமெரிக்காவின் ஃபோலி, பலூன் வைத்த குழாயைக் கொண்டுவந்தார்.

இந்த ரெண்டும் சேர்ந்துதான் இன்னைக்கு கிடாவைக் காப்பாத்துது. அரிசி, மக்காச்சோளம் அதிகமானா பாஸ்பேட் கல் சேரும். சின்ன வயசிலேயே காயடிச்ச கிடாவுக்குச் சிறுநீர்க்குழாய் குறுகல், சீக்கிரம் அடைக்கும். அடிவயிற்றைத் திறந்து, பையில் ஃபோலி குழாய் வெச்சு, சிறுநீரை வெளியே விட்டு, அம்மோனியம் குளோரைடு கொடுத்துக் கல்லைக் கரைப்பாங்க.

முக்குற கிடாவுக்கு மலச்சிக்கல்னு எண்ணெய் ஊத்திக் காத்திருக்காதீங்க. பை வெடிச்சிடும். சிறுநீர் சொட்டுச் சொட்டா வந்தா, அன்னைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்க.