மூஸ் கிராமத்து மேய்ப்பர்

சென்ற வாரம் போர்ட் பிளேரில் நிறுத்தியிருந்தோம். 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை அங்கே இறங்கியது. 1944 ஜனவரியில் டாக்டர் திவான் சிங் செல்லுலார் சிறையில் சித்திரவதைப்பட்டு உயிர்விட்டார். அதே மாதம் 30ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆக்கிரமிப்புக் கால அந்தமானைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இத்துடன் முடித்துக்கொள்கிறார்கள். போர்ட் பிளேரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் போனால் கார் நிக்கோபார் வரும். மலை இல்லாத, தென்னை அடர்ந்த, தட்டையான தீவு. அங்கே நடந்ததைச் சொல்லாமல் இந்தத் தொடர் நகர முடியாது.

அதற்குமுன் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். நிக்கோபாருக்குச் சுவிசேஷம் கொண்டுபோகும் முயற்சிக்கும் நம் கடற்கரைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1756இல் தரங்கம்பாடியிலிருந்து போன டேனியர்கள் அத்தீவுகளைத் தங்கள் அரசருக்குச் சொந்தமென்று அறிவித்தார்கள். தரங்கம்பாடியில் தங்கிக் காத்திருந்த மொரேவியன் சபைச் சகோதரர்கள் 1768இல் நான்கௌரித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காய்ச்சல் அவர்களை ஒவ்வொருவராகத் தின்றது. தீவிலும், திரும்பி வந்து தரங்கம்பாடியிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1787இல் மிச்சமிருந்தவர்களும் கிளம்பிவிட்டார்கள். சபை என்று சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

மேலும் நூறாண்டு கழித்து, 1890களின் நடுவில், வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் குடியேறினார். சென்னை மாகாணத்துக்காரர். அரசின் முகவர் வேலையும் அவர் தலையில்தான். கப்பல் வியாபாரிகளைக் கண்காணித்தார், வானிலைக் குறிப்பு எழுதினார், பையன்களைக் கூட்டிப் பள்ளிக்கூடம் நடத்தினார். அவர் எழுதிய நாட்குறிப்பின் பகுதிகள் 1902இல் லண்டனில் மானிடவியல் இதழொன்றில் அச்சாயின. தீவு மக்களின் அன்றாட வாழ்வை அருகிலிருந்து பார்த்து எழுதியவை என்பதால் ஆய்வாளர்கள் இன்றும் அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்களில் ஒருவன் ஹா செவ் கா. 1884இல் மூஸில் பிறந்தவன். சாலமோன் அவனைப் பர்மாவுக்குப் படிக்க அனுப்ப வழிசெய்தார். மாந்தளையில் படித்து, ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயரோடு 1912இல் ஆசிரியராகவும் உபதேசியாராகவும் சொந்த ஊருக்கே திரும்பினார். தீவில் கால்பந்தை ஊன்றியவரும் இவரே. குருப்பட்டம் கிடைத்தது 1934இல், ஐம்பது வயதில். அதுவரை இருபத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தபடி, கிராமம் கிராமமாக நடந்தபடி காத்திருந்தார். இத்தனைக்கும் பிறகு தீவில் கிறிஸ்தவர்கள் சில நூறு பேர்தான்.

போர் வந்தது. நிக்கோபார் சபை அப்போது ரங்கூன் பேராயரின் ஆளுகையில் இருந்தது. 1942 மார்ச் 8ஆம் தேதி ரங்கூனே விழுந்துவிட்டது. கடிதம், பணம், ஆலோசனை எதுவும் வர வழியில்லை. தலைமையிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒற்றைக் குரு, தம் ஜனங்களோடு தீவில் இருந்தார்.

ஜப்பானியர்களுக்கு அந்தத் தட்டையான நிலம் விமானத்தளத்துக்கு வாகாக அமைந்தது. தீவு மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள். பணம் புழங்காத தீவில் தென்னையும் பன்றியும்தான் ஒரு குடும்பத்தின் சொத்து. அவை ராணுவத்தின் வயிற்றுக்குப் போயின. போர் நீள நீளக் கடல்வழி அடைபட்டது, பசியும் அடியும் கூடின. இப்படிப்பட்ட நேரத்தில் ஊருக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் நிற்கிறவனின் பாடு கொடியது. பணிந்தால் ஜனங்கள் சந்தேகிப்பார்கள், எதிர்த்தால் உயிர் போகும். ரிச்சர்ட்சன் அந்த நடுவிடத்தில் மூன்று வருஷத்துக்கு மேல் நின்றார். எனக்கு அவருடைய விசுவாசத்தின் பெரிய சாட்சி இதுவே. வெட்டுக்குக் கழுத்தை நீட்டும் துணிவு ஒரு நாளில் முடிந்துவிடும். இவருக்கோ தினமும் காலையில் எழுந்து, அன்றைய அவமானத்தைத் தாங்கி, அடிபட்டவன் வீட்டுக்குப் போய் ஜெபித்துவிட்டு வர வேண்டியிருந்தது.

1945 ஜூலையில் பிரிட்டிஷ் கடற்படை கார் நிக்கோபாரைத் தாக்கியது. தீவுக்குள்ளிருந்து யாரோ சைகை காட்டியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் ஜப்பானியர்களைப் பிடித்தது. நிக்கோபாரிகளையும் அங்கிருந்த இந்தியர்களையும் பிடித்துக் கட்டி அடித்து வாக்குமூலம் வாங்கினார்கள். சிலர் விசாரணையிலேயே செத்தார்கள். அவசர விசாரணை ஒன்றை நடத்தி மேலும் பலரைக் கொன்றார்கள். ரிச்சர்ட்சனின் குடும்பமும் இந்தக் கொடுமைக்குத் தப்பவில்லை. சாகவேண்டியவர்கள் வரிசையில் அவரும் இருந்தார். ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைந்தது, அவர் பிழைத்தார். கார் நிக்கோபார் கொலைகளுக்காக ஜப்பானியத் தளபதியும் உடனிருந்தவர்களும் 1946இல் சிங்கப்பூரில் போர்க்குற்ற நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள்.

இதன்பின் நடந்ததுதான் நம் கவனத்துக்குரியது. அரை நூற்றாண்டு உழைப்பில் சில நூறாக இருந்த சபை, போருக்குப் பிந்தைய பத்தாண்டுக்குள் ஏறக்குறைய முழுத் தீவாக ஆனது. அங்கே ஞானஸ்நானம் என்பது தனி ஆள் எடுக்கும் முடிவு அன்று. ‘துஹெத்’ என்னும் பெருங்குடும்பம் கூடிப் பேசி முடிவெடுக்கும். பழைய மந்திரவாதிகளின் பிடி தளர்ந்ததும் ஒரு காரணம் என்று சொல்வோர் உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மந்திரவாதிகளின் பிடி தளர்ந்தால் ஜனங்கள் எந்தத் திசையிலும் போயிருக்கலாம். அவர்கள் ரிச்சர்ட்சன் பக்கம் போனார்கள். தங்களோடு அடிபட்டுத் தங்களோடு இழந்த ஒருவர், எல்லாம் முடிந்தபின்னும் பழிவாங்கக் கிளம்பாமல் மறுபடி பள்ளிக்கூடத்தைத் திறந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்து மாண்ட மொரேவியர்களின் பக்தி எவ்வகையிலும் குறைந்ததல்ல. ஆயினும் சொந்த மொழியில் அழத் தெரிந்த மேய்ப்பர் அத்தீவுக்குத் தேவைப்பட்டார்.

1950 ஜனவரியில் ரிச்சர்ட்சன் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1952இல் அந்தமான் நிக்கோபாரின் முதல் மக்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். வேதாகமத்தை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்தார். 1965இல் பத்மஸ்ரீ, 1975இல் பத்மபூஷண். 1978இல் மறைந்தார்.

நம் சபைகளில் மிஷனெரி ஞாயிறு வரும்போது சீகன்பால்க், ரேனியஸ், கால்டுவெல் பெயர்களைச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். இந்த வருஷம் அந்த மேடையில் மூஸ் கிராமத்து ஜான் ரிச்சர்ட்சனையும், அவருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த நம் வேதப்பன் சாலமோனையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் கார் நிக்கோபார் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு, அதன்பின் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

(தொடரும்)